மூன்றாம் முறை கூப்பிடும் வரை

மலாக்காவில், காஜா பெராங்கில் பூங்காவனத்தைக் கூப்பிடுவது ஒரு வேடிக்கை. "பூங்..." என்று வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து "இருக்கேன், இருக்கேன்!" என்று பதில் வந்துவிடும். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, தலையில் எண்ணெய் வழிந்தாலும் சரி, முதலில் பதில், பிறகுதான் மற்றது. கூப்பிட்டது தன்னையா வேறு யாரையாவதா என்றுகூடப் பார்க்க மாட்டாள். சைக்கிளில் மீன் கொண்டுவரும் சீனக் கிழவர் ரப்பர் ஹாரனை அமுக்கினால் அதற்கும் ஒரு "இருக்கேன்!" கோயில் பக்கத்துப் பிள்ளைகள் சன்னலடியில் நின்று கூப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். ஒரு நாளும் திட்டியதில்லை.

சரி, இதுகூடப் போகட்டும். கூப்பிடாதபோதும் பதில் சொல்வாள், அதுதான் விஷயம். உச்சி வெயிலில் துணி தேய்த்துக்கொண்டிருப்பவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வெறும் பலகைச் சுவரைப் பார்த்து, "இருக்கேங்கா" என்பாள். துணி வாங்க வந்தவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள், மிச்சத்தை நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று நடையைக் கட்டுவார்கள். காதில் கோளாறு என்றார்கள் சிலர். கோளாறு வேறு இடத்தில் என்றார்கள் சிலர். வாய் இருக்கிறது, சொன்னார்கள். விஷயம் தெரிந்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. மலேசியா என்று புதிதாக ஒன்று வரப்போகிறதாம் என்று காப்பிக்கடைகளில் பேச்சு. அந்தச் சமயத்தில்தான் மலாக்காவுக்குள் வாந்திபேதி வந்தது. எங்கேயோ ஒரு தீவில் கிளம்பி, நாடு நாடாகப் புகுந்து, கடலோரமாகவே இங்கு வந்து சேர்ந்ததாம். ரேடியோவில் காலரா என்றார்கள். காஜா பெராங்கில் யாரும் பேர் சொல்லிப் பேசவில்லை. ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்களும் சரி, கம்பம் என்கிற தங்கள் குடியிருப்பில் மலாய் பேசிக்கொண்டு மாரியம்மனைக் கும்பிடும் செட்டிகளும் சரி, "அது" என்றுதான் சொன்னார்கள். பேரைச் சொன்னால், நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வாசலில் வந்து நின்றுவிடும் என்ற பயம்.

பூங்காவனம் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். லாரியில் சாமான் ஏற்றி இறக்கும் சேதுபதிக்குக் கழுத்தை நீட்டி, காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவன் லாரியோடு ஊர் ஊராகப் போய்விடுவான். இவள் கரிப்பெட்டியை வைத்து அக்கம்பக்கத்துத் துணிகளைத் தேய்த்துக் கொடுப்பாள். ஒரே மகள் சீதா, இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயசு, வாய் மட்டும் பள்ளிக்கூடம் முடித்த வாய்.

அந்தப் பலகை வீட்டை நடுவில் ஒரு சுவர் இரண்டாகப் பிரித்திருந்தது. மறுபாதியில் ரோஷன் பீவியும் அவள் புருஷன் ரஹீமும். ரஹீமுக்கு டவுனில் மசாலா அரைக்கும் மில்லில் வேலை. ரோஷன் பீவி காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டி விற்பாள். அவர்கள் மகள் மும்தாஜ் கல்யாணமாகி கிளேபாங்கில் இருந்தாள். மகள் போன பிறகு அந்த இடத்தில் பூங்காவனத்தை வைத்துக்கொண்டாள் ரோஷன் பீவி. தங்கச்சி என்றும் சொல்ல முடியாது, மகள் என்றும் சொல்ல முடியாது, அப்படி ஒரு உறவு. உலகத்தில் பூங்காவனத்தை "பூவு" என்று கூப்பிட்ட ஆள் அவள் ஒருத்திதான். சுவர் வழியாகவே உப்பு கேட்பார்கள், சுவர் வழியாகவே சண்டை போடுவார்கள். சீதாவுக்குப் பாதிச் சாப்பாடு அந்த வீட்டில்தான்.

"அது" வந்ததும் ஊர் அடங்கிவிட்டது. ஐஸ் விற்கிறவன் வரவில்லை. வெட்டிய பழம் விற்கக்கூடாது என்று உத்தரவு. ரோஷன் பீவியின் நாசி லெமாக்கும் நின்றது. கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது, ஆனால் கும்பல் கூடாது என்று சொல்லி ஊர்வலத்தையும் பால்குடத்தையும் தள்ளி வைத்தார்கள். சுகாதார இலாகா ஆட்கள் கிணறுகளில் வெள்ளைத் தூளைக் கொட்டினார்கள். குளித்தாலும் அந்த வாடை, சோற்றிலும் அந்த வாடை. மத்தியான நேரத்தில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஒலிபெருக்கி வைத்த வேன் மட்டும் மெதுவாகப் போகும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று மூன்று பாஷையில் சொல்லிவிட்டுப் போகும். அது போன பிறகு தெரு முன்னைவிட அமைதியாகிவிடும்.

அந்த அமைதியில் ஒரு நாள் பூங்காவனம் சுவரோரம் உட்கார்ந்து, தோட்டத்தில் தன் அம்மா சொல்லிக்கொடுத்ததை ரோஷன் பீவிக்குச் சொன்னாள்.

"அக்கா, இந்த மாதிரி காலத்துல உச்சி வேளையில யாரு பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் உடனே ஏன்னு கேட்றாதீங்க. அது நமக்குத் தெரிஞ்சவங்க குரல்லதான் வருமாம். ரெண்டு தரம்தான் கூப்பிட அதுக்கு உத்தரவு. மூணாவது தரம் கூப்பிட்டா மனுஷங்க. அதுக்கு முன்னாடி வாயைத் திறந்தோம், அவ்வளவுதான்."

"ரெண்டாவதுக்குப் பதில் சொன்னா?"

"வீட்டுக்குள்ள வந்துடும்."

ரோஷன் பீவி சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் பலகை அதிர்ந்தது. "அல்லாவே! உங்க சாமிதான் கணக்கு வாத்தியார்னா, பேய்க்கும் கணக்கா?" என்றாள். ஆனால் அன்றிலிருந்து கூப்பிடுவதை மாற்றிக்கொண்டாள். "பூவு, பூவு, பூவு! நான்தான்டி, உசுரோட இருக்கறவ!" என்று மூச்சு விடாமல் மூன்று தரம் சேர்த்துத்தான் கூப்பிடுவாள். கேலிதான். என்றாலும் அந்த மூன்றைக் கேட்கும்போது பூங்காவனத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஊசி போடுகிறவர்கள் கோயிலுக்கு எதிரே ஒரு கூடாரம் அடித்தார்கள். ஆஸ்பத்திரி டிரசர் ராஜரத்தினம், மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடும் நர்ஸ் கோகிலா, ஸ்டவ்வில் கொதிக்கிற தண்ணீருக்குள் ஊசிகள். சனம் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. சேதுபதி லாரி முதலாளி சொன்னான் என்று முதல் நாளே போட்டுக்கொண்டு, தோள் வீங்கி ஒரு ராத்திரி முனகினான். ஊசிச் சீட்டு இல்லாதவன் லாரியில் ஏற முடியாது. ரஹீமுக்கும் மில்லிலேயே போட்டுவிட்டார்கள். பூங்காவனமும் சீதாவைக் கூட்டிக்கொண்டு கூடாரம் வரைக்கும் போனாள். ரோஷன் பீவியும் கூடப் போனாள்.

பூங்காவனத்தின் கையில் காப்பு இருந்தது. போன வருஷம் சீதாவுக்குக் காய்ச்சல் கண்டு கண் சொருகிக் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. கொடி ஏறிய அன்று மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டாள். காப்பு கட்டினால் கடுகு தாளிக்கக்கூடாது, கவிச்சி ஆகாது, பாயில் படுக்கக்கூடாது. கிழிந்த துணியைத் தைக்க ஊசியைத் தொடக்கூடாது, உடம்பில் ரத்தம் காணக்கூடாது. பால்குடம் எடுத்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும். பால்குடத்தையே தள்ளி வைத்துவிட்டார்கள். ஆக, காப்பு கையிலேயே கிடந்தது. இடையில் கெட்டுப்போனால் யாருக்குக் கெடுதல்? யாருக்காக வேண்டிக்கொண்டாளோ அந்தப் பிள்ளைக்கு. பூங்காவனத்துக்கு இதில் துளி சந்தேகம் கிடையாது.

டிரசர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து ஆள், பொறுமைசாலி. "பயப்படாதேங்கோ தங்கச்சி. எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும்" என்றார்.

"பயம் இல்லைங்க சார். கையில காப்பு இருக்கு."

"கோயில்ல நாக்கில வேல் குத்துகினம்தானே? அதில மட்டும் ரத்தம் வராதோ?"

"அது ஆத்தா கேட்டது சார். இது கவர்மெண்டு கேக்குது."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. டிரசரும் சிரித்துவிட்டார். மிஸ்ஸி கோகிலா மட்டும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் பார்த்த கட்டில்கள் அப்படி. "ஊசி போட்டா வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்கா. ஆனா வந்தாலும் உடம்பு தாங்கும். பிள்ளைக்காவது போடுங்க" என்றாள்.

"பிள்ளைக்காகத்தான் காப்பே. அவ ரத்தத்தை மட்டும் பார்க்கலாமா?" என்று சீதாவின் கையை இறுக்கிக்கொண்டாள் பூங்காவனம்.

ரோஷன் பீவி அதற்குள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போயிருந்தாள். உள்ளதைச் சொன்னால் அவளுக்கும் ஊசி என்றாலே நடுக்கம். அந்த முகத்தைப் பார்த்த பூங்காவனத்துக்கு என்ன தோன்றியதோ, போய் அவள் முந்தானையைப் பிடித்தாள். "அக்கா, என்னை மட்டும் தனியா விட்டுட்டுப் போட்டுக்காதீங்க. காப்பு அவுத்ததும் ரெண்டு பேரும் சேர்ந்தே வருவோம்" என்றாள். ரோஷன் பீவி இவளைப் பார்த்தாள், கொதிக்கிற ஊசியைப் பார்த்தாள். "சரிடி, நீ வர்றப்பவே வர்றேன். எங்க ஓடிடப் போவுது ஊசி?" என்று சட்டைக் கையை இறக்கிவிட்டாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள். இதுதான் நடந்தது. யாரும் யாரையும் மிரட்டவில்லை, கட்டிப் போடவில்லை. பிரியத்தில் பிடித்த முந்தானை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. சேதுபதி லாரியோடு சிரம்பானுக்குப் போயிருந்தான், திரும்ப ஒரு வாரம் ஆகும். காலையில் ரோஷன் பீவி கூடையை எடுத்துக்கொண்டு, கிளேபாங்குக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டுச் சாயந்திரம் வருகிறேன் என்று சுவர் வழியாகச் சொன்னாள். அவள் குடை வெயிலில் பஸ் நிற்கிற பக்கம் போவதைச் சன்னலில் நின்று பூங்காவனம் பார்த்தாள். கதவுக்குப் பூட்டு போட்டதையும் பார்த்தாள். மறுபாதி வீடு காலி.

வெயில் ஏறியது. செட்டிக் கம்பத்திலிருந்து வந்த ஒரு வெள்ளைச் சட்டையை விரித்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கரி சீறுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. சீதா வெறுந்தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி வேன் வந்து போய்விட்டது.

"பூவு..."

பெட்டி கையில் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. ரோஷன் பீவியின் குரல்தான். ஆனால் ரோஷன் பீவியின் குரல் இல்லை. காய்ந்துபோன குரல், பானைக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி. தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. மனுஷர்கள் நின்று கூப்பிடுவார்கள், உட்கார்ந்து கூப்பிடுவார்கள். தரையிலிருந்து யார் கூப்பிடுவார்கள்?

காலி வீடு. பூட்டின கதவு. அக்கா கிளேபாங்கில் இருக்கிறாள். அக்கா கூப்பிட்டால் மூன்றையும் சேர்த்துத்தான் கூப்பிடுவாள், கூடவே சிரிப்பாள். இது யார்?

"பூவு..."

இரண்டு.

சீதா கண் விழித்துவிட்டாள். "அம்மா, பீவிம்மா கூப்புடுறாங்க" என்று எழுந்தவள், ஏன் என்று பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பூங்காவனம் பாய்ந்து போய்ப் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். மஞ்சள் கயிறு கட்டிய கையால்தான் பொத்தினாள். பிள்ளையை மடியில் அமுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

மூன்றாவதுக்குக் காத்திருந்தாள். இதை அவள் பக்கத்து நியாயமாகச் சொல்லியே ஆக வேண்டும். வேண்டாம் என்று காத்திருக்கவில்லை. வர வேண்டும் என்று காத்திருந்தாள். இன்னொரு தரம் கூப்பிடு, தாயே, இன்னொரு தரம் கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ உரசியது. நகத்தால் பலகையைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். அலுமினியச் செம்பு ஒன்று உருண்டு எதிலோ முட்டி நின்றது. மூச்சா, பேச்சா என்று தெரியாத ஒன்று பலகை இடுக்கில் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

வெள்ளைச் சட்டை பெட்டிக்கு அடியில் கருகி, வீடு முழுக்கப் புகை நாற்றம். அதைக்கூட அவள் எழுந்து எடுக்கவில்லை. உள்ளங்கையில் சீதாவின் மூச்சு சுட்டுக்கொண்டிருந்தது.

சாயந்திரம் ரஹீம் மில்லிலிருந்து வந்தார். முன்கதவில் பூட்டு தொங்கியது. பின்பக்கமாகப் போனார். அங்கேயிருந்து அவர் போட்ட சத்தத்தில் தெருவே ஓடிவந்தது. ரோஷன் பீவி பாதி வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பியிருக்கிறாள். கிணற்றடிக்கும் கொல்லைக்குமாக அலைந்து, பின்கதவு வழியாக உள்ளே வந்து, சுவரோரம் விழுந்திருக்கிறாள். தண்ணீருக்காகக் கூப்பிட்டிருக்கிறாள். செம்பு கைக்கு எட்டாத தூரத்தில் உருண்டு கிடந்தது.

ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றியபோது பூங்காவனம் பார்த்தாள். காலையில் குடை பிடித்துக்கொண்டு போனவள் இவளா? கண் இரண்டும் உள்ளே போய்விட்டது. விரல்களெல்லாம் நாள் முழுக்கத் துணி துவைத்தவள் விரல் மாதிரி சுருங்கிக் கிடந்தன. அந்த உள்ளே போன கண் பூங்காவனத்தைத் தேடிப் பிடித்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பூங்காவனம் பக்கத்தில் போகவில்லை. வண்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் ரோஷன் பீவி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டாள் என்று செய்தி வந்தது. வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. அங்கேயே கழுவி, சுண்ணாம்பு போட்டு, இலாகா ஆட்களும் ரஹீமும் மட்டும் நின்று அடக்கம் செய்துவிட்டார்கள். ரஹீமைக் கிளேபாங்கில் மகள் வீட்டில் தங்கச் சொன்னார்கள். மறுபாதி வீட்டுக்கு மருந்தடித்து, கதவில் குறுக்காகப் பலகை அறைந்தார்கள்.

பூங்காவனம் தன் கதவையும் உள்ளே தாழிட்டுக்கொண்டாள். நிலையில் வேப்பிலை சொருகினாள். சன்னலைச் சாத்தினாள். நேற்றுக் கூப்பிட்டது அக்காதான் என்று இப்போது தெரியும். தெரிந்து என்ன செய்ய? கொன்றுவிட்டேனே, இந்தக் கையால் பிள்ளை வாயைப் பொத்தி அக்காவைக் கொன்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. அடிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

உச்சி வேளை வந்தது. மருந்து வாடை சுவர் இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

"பூவு..."

சீதா சோறு தின்றுகொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவளுக்குக் கேட்கவில்லை.

"பூவு..."

அதே தரையிலிருந்து, அதே காய்ந்த குரல். பலகை அறைந்த வீட்டிலிருந்து. பூங்காவனம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது வரவில்லை. அடுத்த நாள் உச்சி வேளையிலும் இரண்டு. அதற்கு அடுத்த நாளும் இரண்டு. இப்போது கூப்பிடுவது அக்காவா, அக்கா குரலில் "அது"வா? பதில் சொன்னால் உள்ளே வந்துவிடுமா? பதில் சொல்லாமல் விட்டதற்குத்தான் இது வருகிறதா? பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிய காரியம்.

இடையில் ஒரு தரம் யாரோ கதவைத் தட்டினார்கள். "வீட்ல யாரு? ஊசி போட வந்திருக்கோம். பக்கத்து வீட்ல நோய் கண்டிருக்கு, உங்களுக்கும் பிள்ளைக்கும் கட்டாயம் போடணும்" என்று பெண் குரல். பேர் சொல்லவில்லை. பூங்காவனம் சீதாவை இழுத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள். திறந்தால் ஊசி. ஊசி ஏறினால் காப்புக்கு ஆகாது, காப்பு கெட்டால் சீதாவுக்கு ஆகாது. திறக்காவிட்டால்? ஒரே கிணறு. அக்கா ஊட்டிய சோறு. எந்தப் பக்கம் போனாலும் நடுவில் நின்றது பிள்ளைதான். ஆத்தாவிடமே கேட்டாள். தட்டிய கை ஓய்ந்து, காலடிச் சத்தம் தேய்ந்து போனது.

மறுநாள் உச்சி வேளை. பூங்காவனம் சுவருக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டாள். ஓடி ஒளிந்து ஆகப்போவது என்ன என்ற நிலைக்கு வந்துவிட்டாள்.

"பூவு..."

உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பூவு..."

அவ்வளவுதான், இனி நாளைக்குத்தான் என்று கண்ணை மூடினாள். சுவர்ப்பக்கம் அமைதி. கரிப்பெட்டியில் கரி அவிந்து கிடந்தது.

"பூவு!"

வாசல் பக்கத்திலிருந்து வந்தது. தெளிவான குரல், நின்றுகொண்டு கூப்பிடுகிற குரல். ஒரே ஒரு தரம்.

அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஆள் கிடையாது. அந்த ஆளை மண்ணில் வைத்தாகிவிட்டது. ஆனாலும் மூன்று மூன்றுதான். எழுந்தாள். "இருக்கேன்!" என்று அலறினாள். "இருக்கேங்கா! வந்துட்டேன், வந்துட்டேன்!" தாழ்ப்பாள் கையில் வழுக்கியது. இழுத்துத் திறந்தாள்.

வெயிலில் மிஸ்ஸி கோகிலா நின்றுகொண்டிருந்தாள், கையில் ஊசிப் பெட்டி. இப்படி ஒரு அலறலை எதிர்பார்க்காமல் ஒரு படி பின்னால் போய்விட்டாள்.

"நீங்களா கூப்பிட்டீங்க?" என்றாள் பூங்காவனம்.

"நான்தான்கா. நேத்து தட்டுனேன், நீங்க திறக்கல. அப்புறம்தான் அந்தம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு. பெரிய சூசாவான வேலை, ஒரே கஷ்டம், தினம் எத்தனை பேரு, எதுன்னு ஞாபகம் வச்சிக்கறது? ரோஷன் பீவிம்மா. அன்னைக்கு ராத்திரி உப்புத்தண்ணி ஏத்துனப்ப கொஞ்சம் குரல் வந்துச்சு அவங்களுக்கு. உங்களப் பத்தித்தான் பேசுனாங்க."

"என்ன சொன்னாங்க?" பூங்காவனத்துக்கு நிலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் புரியலக்கா. சொன்னதை அப்படியே சொல்றேன். 'பூவுமேல தப்பு இல்ல. அவ மூணு தரம் கூப்பிட்டாத்தான் வருவா. நான் ரெண்டு தரம் கூப்பிட்டேன், மூணாவதுக்கு நாக்கு எழும்பல. மிஸ்ஸி, நீங்க போயி எனக்காக ஒரு தரம் கூப்பிட்டுடுங்க. ஒரு தரம் போதும், ரெண்டு நான் கூப்பிட்டாச்சு. வந்தான்னா, ஊசிய போட்டுக்கச் சொல்லுங்க. சேர்ந்து போறதா சொன்னோம், இனி தனியாத்தான் போவணும்னு சொல்லுங்க'ன்னாங்க."

அப்போதுதான் பூங்காவனத்துக்கு அழுகை வந்தது. வாசலிலேயே உட்கார்ந்து, வயிற்றிலிருந்து வருகிற அழுகை அழுதாள். சீதா வந்து அம்மாவின் தலையைக் கட்டிக்கொண்டாள். மிஸ்ஸி வெயிலிலேயே காத்திருந்தாள்.

அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பூங்காவனம் கையை நீட்டினாள். மஞ்சள் கயிறு கட்டிய கை. "இதுலயே போடுங்க" என்றாள். "இந்தக் கைதான் வாயைப் பொத்துனுச்சு. ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்னைக் கோவிச்சுக்கட்டும். எனக்குப் போட்டுட்டுப் பிள்ளைக்கும் போடுங்க."

ஊசி எறும்பு மாதிரியெல்லாம் கடிக்கவில்லை. மொண்ணை ஊசி, நன்றாகவே வலித்தது. ஒரு சொட்டு ரத்தம் வந்தது. பூங்காவனம் கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்தாள். சீதா ஊரைக் கூட்டினாள்.

திருவிழா தள்ளிப்போய், ஊரில் "அது" ஓய்ந்த பிறகு நடந்தது. பூங்காவனம் பால்குடம் எடுத்தாள். கெட்ட காப்போடு குடம் எடுக்கலாமா என்று இரண்டொருவர் வெறும் வாயை மென்றார்கள். "கெட்டதா இல்லையான்னு ஆத்தா வந்து சொல்லட்டும், நீங்க வழியை விடுங்க" என்று நடந்தாள். பால் சிந்தவில்லை. சீதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் பிள்ளை குட்டியோடு இன்றைக்கும் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் இருக்கிறாள்.

ரஹீமிடம் பூங்காவனம் எல்லாவற்றையும் சொன்னாள், கூடாரத்தில் முந்தானையைப் பிடித்ததிலிருந்து. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ போகும்போது உன்மேல கோவமில்லாமதான் போனா. நான் மட்டும் எதுக்கு வச்சிக்கணும்?" என்றார். ஆனால் அந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. வேறு யார் யாரோ குடி வந்தார்கள், போனார்கள். உச்சி வேளையில் சுவரைப் பார்த்துப் பதில் சொல்கிற பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துப் பயந்தே சிலர் காலி செய்தார்கள்.

சேதுபதி ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டான். "ஏன்டி, மூணாவதைத்தான் மிஸ்ஸி வந்து கூப்பிட்டுட்டாளே. அதோட முடிஞ்சு போச்சுல்ல? இன்னுமா கூப்பிடுது?"

பூங்காவனம் கரியைக் கிளறி, பெட்டியை மூடினாள். "தினம் கூப்பிடுறாங்க" என்றாள். "கூப்பிடட்டும். முதல் தரத்துக்கே பதில் சொல்லிட்டா, அக்கா ரெண்டாவது தரம் கூப்பிட வேண்டியதில்ல பாருங்க."